கைக்குள் அடங்கும் கிட்டார் ஆம்ப்: தாமதம் யாருடையது?



ஏப்ரல் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளி முடிந்து அறிவியல் கூடத்தைப் பூட்டப் போன நேரத்தில், என் படிவம் 4 மாணவன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். தோளில் கிட்டார்ப் பை. முகம் வாடியிருந்தது.

"டீச்சர், ஆசிரியர் தின நிகழ்ச்சியில நான் வாசிக்கல. வேற யாரையாவது போடச் சொல்லுங்க."

"ஏன்யா? பயிற்சியெல்லாம் நல்லாதானே போச்சு?"

"என் கை ஸ்லோவாயிருச்சு டீச்சர். வீட்டுல வாசிச்சா தாளத்துக்குப் பின்னாலேயே போகுது. இங்க டிரம்மோட வாசிச்சா முந்திப் போகுதுன்னு எல்லாரும் திட்டுறாங்க. எனக்கே ஒன்னும் புரியல."

அவன் இருப்பது அடுக்குமாடி வீட்டின் ஒன்பதாவது மாடியில். பக்கத்து வீட்டுக்காரர் இரவு வேலைக்குப் போகிறவர். பகலில் தூங்குவார். பெரிய ஆம்ப் வைத்து வாசிக்க வழியில்லை. அதனால் அவனுடைய மாமா உள்ளங்கை அளவிலான இலக்கவியல் கிட்டார் கருவி ஒன்றைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்திருந்தார். ஆம்ப், எதிரொலி, முழக்கம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் வீட்டில் வேறு யாருக்கும் சத்தம் கேட்காது. மூன்று வாரமாக அதில்தான் பயிற்சி.

வீட்டில் பிந்துகிறான், பள்ளியில் முந்துகிறான். கை மெதுவாகிவிட்டது என்றால் இரண்டு இடத்திலும் பிந்தத்தானே வேண்டும்? எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் நானும் கொஞ்சம் கிட்டார் வாசித்தவள். "திங்கட்கிழமை வரைக்கும் பேரை எடுக்காதே. அந்தக் கருவியையும் கிட்டாரையும் எனக்கு இரண்டு நாள் கொடு" என்று வாங்கிக்கொண்டேன்.

அந்த இரண்டு நாளில் நான் பார்த்ததையும், திங்கட்கிழமை நாங்கள் அளந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். படிவம் 4, 5 இயற்பியலில் நீங்கள் படிக்கும் பல பாடங்கள் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கின்றன.

கம்பியிலிருந்து மின்சாரம்

மின்கிட்டாரின் கம்பிகளுக்குக் கீழே பிக்கப் என்ற பகுதி இருக்கிறது. காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மிக மெல்லிய செம்புக் கம்பியும்தான் அதன் உள்ளடக்கம். மேலே இருக்கும் எஃகுக் கம்பி காந்தப் புலத்தில் அதிரும்போது, சுருளின் வழியே செல்லும் காந்தப் புலம் மாறிக்கொண்டே இருக்கிறது. மாறும் காந்தப் புலம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான். நைலான் கம்பியைப் போட்டால் பிக்கப் ஊமையாகிவிடும். நைலான் காந்தப் புலத்தை மாற்றாது அல்லவா?

கிட்டாரின் ஐந்தாவது கம்பியைச் சும்மா மீட்டினால் அது வினாடிக்கு 110 முறை அதிரும். பிக்கப்பிலிருந்து வரும் மின்னலையின் அடிப்படை அதிர்வெண்ணும் அதே 110 ஹெர்ட்ஸ்தான். ஆனால் அந்த மின்னழுத்தம் மிகச் சிறியது. ஒலிபெருக்கியை நேரடியாக இயக்க அதற்குத் தெம்பு இல்லை. அதைப் பெருக்கிக் கொடுப்பதற்குத்தான் ஆம்ப் தேவைப்படுகிறது.

பழைய ஆம்ப்களில் வெற்றிடக் குழாய்கள் இருந்தன. சூடான இழையிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறும் வெப்பவயனி உமிழ்வைப் படிவம் 5இல் படிப்பீர்கள். அந்தக் குழாய்களின் அடிப்படை அதுவே. இன்றும் பல கலைஞர்கள் குழாய் ஆம்ப்பைத்தான் விரும்புகிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. ராக் இசையில் கேட்கும் அந்தக் கரகரத்த முழக்கம் வர வேண்டுமென்றால் குழாயை அதன் எல்லை வரை இயக்க வேண்டும். அப்போது சத்தமும் சேர்ந்து ஏறும். ஒன்பதாவது மாடியில் அது நடக்காது.

அலை எண்ணாகிறது

இலக்கவியல் கருவி வேறு வழியில் போகிறது. கிட்டாரிலிருந்து வரும் மின்னலையைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதிக்கொள்கிறது. குறுவட்டில் பயன்பட்ட வேகம் வினாடிக்கு 44,100 முறை. கிட்டார்க் கருவிகள் பலவும் இதே வேகத்தில் அல்லது 48,000 என்ற வேகத்தில் அளக்கின்றன.

ஏன் இத்தனை? மனிதக் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அலையைச் சரியாக மீட்டெடுக்க, அதன் அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் மாதிரி எடுக்க வேண்டும். 20,000இன் இரண்டு மடங்கு 40,000. அதற்குமேல் கொஞ்சம் இடம் விட்டால் 44,100 போதும்.

ஒவ்வோர் எண்ணையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதலாம் என்பதைப் பிட் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. 16 பிட் என்றால் 65,536 படிகள். 24 பிட் என்றால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள். மென்மையாகத் தட்டிய ஒலியும் ஓங்கி அடித்த ஒலியும் இரண்டுமே தெளிவாகப் பதிய இவ்வளவு படிகள் உதவுகின்றன.

எண்களைக் கொண்டு என்ன செய்யலாம்?

அலை எண்ணாகிவிட்டால் மற்றதெல்லாம் கணக்குதான். இரண்டு எடுத்துக்காட்டுகள் பார்ப்போம்.

முதலாவது, கரகரப்பு. அலையின் ஒரு மேடு இப்படி எண்களாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

0, 6, 14, 18, 14, 6, 0

இவற்றை 10ஆல் பெருக்குங்கள்:

0, 60, 140, 180, 140, 60, 0

இப்போது ஒரு விதி: 100க்கு மேல் எதுவும் போகக்கூடாது. போனால் 100 என்றே எழுத வேண்டும்.

0, 60, 100, 100, 100, 60, 0

வரைதாளில் வரைந்து பாருங்கள். மலை உச்சி போல் இருந்த அலையின் தலை மேசை போல் தட்டையாகிவிட்டது. மேடும் பள்ளமும் ஒரே மாதிரி வெட்டப்பட்டால், 110 ஹெர்ட்ஸ் தூய அலையோடு 330, 550, 770 ஹெர்ட்ஸ் என ஒற்றைப்படை மடங்குகளில் புதிய அதிர்வெண்கள் சேரும். நம் காதில் அது கரகரப்பாக விழுகிறது. குழாய் ஆம்ப் உச்சியைப் படாரென்று வெட்டுவதில்லை, மெதுவாக வளைக்கிறது. கருவிக்குள் இருக்கும் நிரல் அந்த வளைவையும் கணக்கால் செய்துகாட்ட முயல்கிறது.

இங்கே கவனியுங்கள். வெட்டுவது எண்களின் உலகத்தில் நடக்கிறது. வெட்டி முடித்த பிறகு மொத்தத்தையும் 50ஆல் வகுத்துவிட்டால் கரகரப்பு அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் குறையும். ஒலியின் குணத்தையும் அதன் உரப்பையும் இப்படித் தனித்தனியே பிரிக்க முடிவதால்தான் அடுக்குமாடி வீட்டில் இந்தக் கருவிக்கு மதிப்பு.

இரண்டாவது, எதிரொலி. கருவி வந்த எண்களை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. 0.3 வினாடி எதிரொலி வேண்டுமென்றால், 44,100 × 0.3 = 13,230 எண்களுக்கு முன்னால் வந்ததை எடுத்து, பாதியாக்கி, இப்போது வருவதோடு கூட்டினால் போதும். ஒரு காலத்தில் இதற்குக் காந்த நாடாவைச் சுழலவிட்டு, ஓர் இடத்தில் பதிந்து இன்னோர் இடத்தில் படிக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு கூட்டல், ஒரு வகுத்தல்.

உங்களுக்குத் தெரியுமா? கோளாறில் பிறந்த ஒலி

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் ஒலிப்பதிவு நடந்தபோது, ஒலிக்கலவை மேசையின் ஒரு தடம் கெட்டுப்போய், கிட்டார் ஒலி கரகரவென்று பதிவானது. அதைத் தூக்கிப் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பாடல் 1961இல் வெளிவந்தது. பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னோடி அந்தக் கோளாறை வேண்டுமென்றே உண்டாக்கும் டிரான்சிஸ்டர் சுற்று ஒன்றை அமைத்தார். அது 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் காலால் மிதித்து இயக்கும் பெட்டியாகக் கடைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் புகழ்பெற்ற பாடல் ஒன்றில் அது ஒலித்த பிறகு உலகமே அதைத் தேடத் தொடங்கியது. பல ஆம்ப்களின் குணத்தை எண்களால் செய்துகாட்டும் சிறிய சிவப்புப் பெட்டியான லைன் 6 பாட் 1998இல் வெளிவந்தது. இன்று கைக்குள் அடங்கும் கருவிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

வீட்டில் வைத்துப் பார்த்தேன்

சனிக்கிழமை காலை கருவியை என் மேசையில் வைத்தேன். ஒரு பக்கம் கிட்டார் வடத்துக்கான துளை, மறுபக்கம் கம்பி ஹெட்ஃபோனுக்கான துளை, மின்னேற்ற ஒரு யூஎஸ்பி துளை. மற்ற அமைப்புகளெல்லாம் கைப்பேசிச் செயலியில். என் பழைய கம்பி ஹெட்ஃபோனை மாட்டி வாசித்தேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். தூய ஒலியும் லேசான கரகரப்பும் அருமையாக இருந்தன. பெரிய மண்டபத்தில் வாசிப்பது போன்ற முழக்கத்தைப் போட்டபோது, என் சின்ன அறை மறந்தே போனது.

குறைகளும் உண்டு. கரகரப்பைக் கூட்டினால் பின்னணியில் ஒரு முனகல் எழுந்தது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம். சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளைச் சுற்றியுள்ள மாறும் காந்தப் புலத்தையும் பிக்கப் பிடித்துக்கொள்கிறது. கிட்டாரைத் திருப்பிப் பிடித்ததும் முனகல் குறைந்தது. கருவியில் இரைச்சலை வெட்டும் வசதி இருக்கிறது. ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அது கதவை மூடிவிடும். அதிகமாக வைத்தால், நீண்டு ஒலிக்க வேண்டிய இசையின் வாலையும் சேர்த்து வெட்டிவிடுகிறது.

இன்னொரு குறை கருவியுடையது அன்று, என்னுடையது. செயலியில் எத்தனையோ ஒலிகள்! ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. ஒரு பாட்டைக்கூட முழுதாக வாசிக்கவில்லை. பயிற்சிக்கு உட்காரும்போது ஓர் ஒலியைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கைப்பேசியைத் தள்ளி வைப்பது நல்லது.

ஆனால் முக்கியமான ஒன்று. எனக்குத் தாமதம் எதுவும் தெரியவில்லை. தாளச் செயலியை ஓடவிட்டு வாசித்தேன், தாளத்திலேயே நின்றது. அப்படியானால் கோளாறு நிஜமாகவே அவன் கையில்தானா? ஒரு கணம் எனக்கே கவலையாகிவிட்டது.

அளந்தால்தான் தெரியும்

திங்கட்கிழமை அவனை அறிவியல் கூடத்துக்கு அழைத்து, "வீட்டுல எப்படி வாசிப்பியோ, அப்படியே மாட்டி வாசி" என்றேன். பையைத் திறந்து இரண்டு பொருள்களை எடுத்தான். ஒன்று, புளூடூத் ஹெட்ஃபோன். இன்னொன்று, கட்டைவிரல் அளவில் ஒரு புளூடூத் அனுப்பி. அவனுடைய கம்பி ஹெட்ஃபோன் அறுந்துபோனதால், இந்த அனுப்பியை வாங்கிக் கருவியின் ஹெட்ஃபோன் துளையில் செருகியிருக்கிறான். வெள்ளிக்கிழமை என்னிடம் கொடுத்த பையில் இவை இல்லை.

உடனே "இதுதான் காரணம்" என்று சொல்லிவிட எனக்கு ஆசைதான். ஆனால் ஊகம் வேறு, சான்று வேறு. ஆகவே பரிசோதனை செய்தோம்.

கருதுகோள்: ஒலி ஹெட்ஃபோனுக்குப் போகும் வழி மாறினால் தாமதமும் மாறும்.
தற்சார்பு மாறி: ஒலி போகும் வழி, அதாவது கம்பி அல்லது புளூடூத்.
சார்பு மாறி: கம்பியை மீட்டிய கணத்துக்கும் ஹெட்ஃபோனில் ஒலி வந்த கணத்துக்கும் இடைப்பட்ட நேரம்.
கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்: அதே கிட்டார், அதே கம்பி, அதே கருவி, அதே அமைப்பு.

கிட்டாரின் கம்பிக்கு அருகில் கைப்பேசியை வைத்து, ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தையும் அதன் ஒலிவாங்கியை ஒட்டி வைத்தோம். பதிவை ஓடவிட்டு ஒருமுறை மட்டும் மீட்டினான். மின்கிட்டாரின் கம்பி நேரடியாகவும் மெல்லிய "டிக்" என்ற ஒலி எழுப்பும். அது முதலில் பதியும். ஹெட்ஃபோனிலிருந்து வருவது பிறகு பதியும். பதிவைக் கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, இரண்டு சிகரங்களுக்கும் இடையிலான தூரத்தை அளந்தோம்.

புளூடூத் வழியில் ஐந்து அளவீடுகள், மில்லிவினாடியில்: 208, 196, 201, 211, 199. சராசரி 203.

கம்பி ஹெட்ஃபோனில் இரண்டு சிகரங்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. எங்கள் முறையால் அவற்றைத் துல்லியமாகப் பிரிக்க முடியவில்லை. 10 மில்லிவினாடிக்கும் குறைவு என்று மட்டும் சொல்லலாம்.

203 மில்லிவினாடி, அதாவது வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. அது பெரிதா? நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே 500 மில்லிவினாடி. அதில் ஐந்தில் இரண்டு பங்கு தாமதத்திலேயே போய்விடுகிறது.

இன்னொரு வகையில் பாருங்கள். ஒலி காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். 0.203 × 340 = 69 மீட்டர். தன் கிட்டார் ஒலியை 69 மீட்டர் தள்ளி நின்று கேட்டுக்கொண்டே வாசிப்பதற்கு இது சமம். கம்பி வழியில் 10 மில்லிவினாடி என்றே வைத்துக்கொண்டாலும் 3.4 மீட்டர்தான். மேடையில் ஆம்ப்பிலிருந்து கலைஞர் நிற்கும் தூரம் அவ்வளவு இருக்கும். விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்தின் முடிவுக் கோட்டில் நின்றவர்களுக்கு இது புரியும். துப்பாக்கியின் புகை முதலில் தெரியும், வெடிச் சத்தம் பிறகுதான் வந்து சேரும்.

ஏன் புளூடூத் இவ்வளவு நேரம் எடுக்கிறது? வினாடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 24 பிட் என்றால், வினாடிக்குப் பத்து லட்சம் பிட்டுக்கும் மேல். அனுப்பி அந்த எண்களைச் சுருக்கி, பொட்டலமாகக் கட்டி, வானொலி அலையில் அனுப்புகிறது. சில பொட்டலங்கள் வழியில் கெட்டுப்போகும், அவற்றை மீண்டும் அனுப்ப வேண்டும். பாட்டு இடையில் விட்டுப்போகாமல் இருக்க, ஹெட்ஃபோன் கொஞ்சம் பொட்டலங்களைச் சேமித்து வைத்துக்கொண்டுதான் ஒலிக்கத் தொடங்குகிறது. பாட்டு கேட்பவருக்கு இதனால் நட்டம் இல்லை, எல்லாமே ஒரே அளவு தள்ளி வருகிறது. வாசிப்பவர் நிலை வேறு. அவர் கைக்கும் காதுக்கும் நடுவில் இந்தக் காத்திருப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கிட்டார்க் கருவியிலும் சிறு சேமிப்பு உண்டு. 64 எண்களைச் சேர்த்து வைத்துக் கணக்குப் போட்டாலும் 64 ÷ 44,100 = 1.45 மில்லிவினாடிதான். நமக்கு அது தெரியாது.

இப்போது அந்தப் புதிர் அவிழ்ந்தது. வீட்டில் ஒலி தாமதமாக வந்ததால் தான் பிந்துவதாக நினைத்தான். தன்னை அறியாமலே தாளத்துக்கு முன்னாலேயே மீட்டப் பழகினான். பள்ளியில் பெரிய ஆம்ப்பில் தாமதம் இல்லை. அங்கே முந்திப்போனான். மூளை கற்றுக்கொள்ளும் வேகம் அப்படி! அவன் கை மெதுவாகவே இல்லை. இல்லாத இடத்தில் இருந்த தாமதத்துக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு அது சுறுசுறுப்பாகத்தான் இருந்தது.

எண்களைப் பார்த்துவிட்டு அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப என் கை நல்லாதான் இருக்கா டீச்சர்?" என்றான்.

"203 மில்லிவினாடி நல்லா இருக்கு. உன் பழைய ஹெட்ஃபோன் வடத்தை ஒட்டவைக்கலாம், எடுத்துட்டு வா" என்றேன். மறுநாள் கூடத்திலேயே பற்றாசு வைத்து ஒட்டினோம்.

காதுக்கும் ஒரு கணக்கு

ஹெட்ஃபோனில் வாசிப்பதால் பக்கத்து வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார். உங்கள் காதுக்கு யார் பாதுகாப்பு? உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில், பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். சிறுவர்களுக்கு 75 டெசிபல் என்று இன்னும் குறைவாகப் பரிந்துரைக்கிறார்கள். உட்செவியில் உள்ள மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கரகரப்பு அதிகமுள்ள ஒலியை வாசிக்க வாசிக்கச் சத்தத்தைக் கூட்டத் தோன்றும். தொடக்கத்தில் வைத்த அளவைப் பிறகு ஏற்றாதீர்கள். வாசித்து முடித்ததும் காதில் "ங்ங்" என்று ஒலித்தால், அன்றைய அளவு மிகுதி என்று பொருள்.

மே 16ஆம் தேதி ஆசிரியர் தினத்தன்று அவன் மேடையேறினான். நடுவில் ஓர் இடத்தில் கொஞ்சம் முந்தினான். மூன்று வாரப் பழக்கம் அவ்வளவு எளிதில் போய்விடாது. டிரம் வாசித்தவன் அவனைப் பார்த்துச் சிரித்தான், இவனும் சிரித்துக்கொண்டே தாளத்துக்குத் திரும்பினான்.

செய்து பாருங்கள்

1. உங்கள் புளூடூத் ஹெட்ஃபோனின் தாமதத்தை அளக்க கிட்டார் வேண்டாம். கைப்பேசியில் தட்டினால் ஒலி எழுப்பும் இசைப்பலகைச் செயலி ஒன்றைத் திறந்து, திரையை நகத்தால் தட்டுங்கள். நகம் திரையில் படும் ஒலியையும் ஹெட்ஃபோனில் வரும் ஒலியையும் இன்னொரு கைப்பேசியில் பதியுங்கள். ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள். கம்பி ஹெட்ஃபோனிலும் அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். கம்பியிலும் சிறு தாமதம் வந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள்.

2. 0, 3, 7, 9, 7, 3, 0, −3, −7, −9, −7, −3, 0 என்ற எண்களை வரைதாளில் குறித்து அலையாக வரையுங்கள். 10ஆல் பெருக்கி, 50க்கு மேலும் −50க்குக் கீழும் போகாமல் வெட்டி மீண்டும் வரையுங்கள். எல்லையை 30 ஆக்கினால் அலை எந்த வடிவத்தை நெருங்குகிறது?

3. உங்கள் பள்ளித் திடலில் எத்தனை மீட்டர் தள்ளி நின்றால், கைதட்டும் ஒலி 203 மில்லிவினாடி தாமதமாகக் கேட்கும்? நண்பரை அங்கே நிறுத்தித் தட்டச் சொல்லுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள்.